கொசுறாக வந்த இந்தி

தமிழ்ப் பற்றுக்கு விலையே கிடையாது என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்குக் கடை வைத்த அனுபவம் இல்லை. விலை இல்லாத சரக்கு என்று எதுவும் கிடையாது. கேட்டு ஆள் வரவில்லை, அவ்வளவுதான். மேற்குத் தாம்பரம், முடிச்சூர் சாலை, ரவி ஹார்டுவேர்ஸ் குடும்பத்தில் அதன் விலை நிமிடத்துக்கு ஐந்து வார்த்தை என்று ஒரு மத்தியான வேளையில் முடிவாயிற்று. பேரம் பேசி முடித்தவள் ரவியின் மகள் தீபலட்சுமி.

இடம், சாலமனின் பிரவுசிங் சென்டர். மத்திய அரசு கிளார்க் தேர்வுக்கு அப்ளிகேஷன் போட வந்திருந்தாள். சாலமன் அவளைவிட நாலு வயசு சின்னவன், ஆனால் தாம்பரத்தில் பாதிப் பேருடைய ஆதார் எண் அவனுக்கு மனப்பாடம். எழுத்துத் தேர்வில் தேறினால் அடுத்தது டைப்பிங் தேர்வு. எந்த மொழியில் அடிக்கப் போகிறீர்கள் என்று ஒரு கட்டம் கேட்டது. இங்கிலீஷ் என்றால் நிமிடத்துக்கு முப்பத்தைந்து வார்த்தை. இந்தி என்றால் முப்பது.

தீபலட்சுமி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழில் ஹையர் பாஸ் பண்ணியவள். இங்கிலீஷும் அடிப்பாள், ஆனால் எப்படி அடித்தாலும் முப்பத்திரண்டில் வண்டி நின்றுவிடும். கையில் முப்பத்திரண்டு வைத்திருக்கிறவள் முப்பத்தைந்து கேட்கிற கடைக்குப் போவாளா, முப்பது கேட்கிற கடைக்குப் போவாளா?

“இந்தின்னு போடு,” என்றாள்.

சாலமன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். “இன்னாக்கா சொல்ற? உனுக்கு இந்தி தெரியுமா?”

“டைப் அடிக்கத்தானே சொல்றான். பேசவா சொல்றான்?”

“படிக்கவாவது தெரியுமா?”

“அஞ்சு வார்த்தை கம்மி, சாலமன்.”

“அது கீது. ஆனா ஒரு தபா போட்டா மாத்த முடியாதுக்கா. பின்னாடி எங்கைல வந்து பேஜார் பண்ணக்கூடாது.”

“போடு.”

போட்டான்.

இது அந்தக் குடும்பத்து ரத்தத்தில் ஓடுகிற வியாதி. தள்ளுபடி என்று ஒரு பலகையைப் பார்த்துவிட்டால் என்ன பொருள் என்று பார்க்க மாட்டார்கள், எவ்வளவு தள்ளுபடி என்றுதான் பார்ப்பார்கள். ரவி ஒரு தடவை பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று பச்சை நிற வாஷ்பேசின் ஆறு வாங்கிப் போட்டார். ஊரில் யாருக்கும் பச்சை வாஷ்பேசினில் வாய் கொப்பளிக்க ஆசை வரவில்லை. இன்னும் மொட்டை மாடியில் இருக்கின்றன. ஒன்றில் துளசி, இரண்டில் கற்பூரவல்லி. அவருடைய மகள் இந்தியை வாங்கி வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எழுத்துத் தேர்வில் தேறுவோம் என்று அவள் நினைத்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பாள். இதற்கு முன் எழுதியதெல்லாம் ஊற்றிக்கொண்டது. இந்தத் தடவை தேறிவிட்டாள். அதுவும் கடைசித் தடவை. அடுத்த வருஷம் வயசு வரம்பு தாண்டிவிடும். பி.காம் முடித்த மறுநாள் முதல் அப்பாவின் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். சிமென்ட் மூட்டைக்காரன் முதல் ஏலக்காய் டீக்காரன் வரைக்கும் அவளிடம்தான் காசு வாங்குகிறான். அவளுக்கு மட்டும் யாரும் எதுவும் கொடுத்ததில்லை. முதலாளி மகளுக்குச் சம்பளம் எதற்கு? கேட்டபோதெல்லாம் ரவி பதில் சொல்லிவிடுவார்: “கல்லாவே உன்னுதும்மா, அதுல தனியா சம்பளம் என்னா?” அந்தக் கல்லாவிலிருந்து ஒரு சுடிதார் எடுக்க வேண்டுமென்றால், எந்தக் கடை, என்ன விலை, கேட்டதற்கு எவ்வளவு குறைத்தான் என்று விசாரணைக் கமிஷன் உட்காரும். ஒன்றாம் தேதியானால் தன் பேருக்கு ஒரு சம்பளம் வந்து விழ வேண்டும், எதற்குச் செலவழித்தாய் என்று கேட்க நாதி இருக்கக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கும் அவளுக்கும் நடுவில் இப்போது இந்தி குறுக்கே நின்றது.

அப்பாவிடம் சொல்லாமல் முடியாது. சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

ரவி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “எவ்ளோ குறைச்சான்?”

“அஞ்சு.”

“முப்பத்தஞ்சுல அஞ்சா? ஏழுல ஒரு பங்கு. பரவால்லியே.” இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகுதான் பொருள் என்ன என்பது உறைத்தது. “ஏய், நான் ஸ்டேஷன் போர்டுல இந்தி எழுத்து மேல தார் பூசினவன்டி.”

அது உண்மை. இருபத்திரண்டு வயசில் பூசினார். தார் டின் அவருடைய அப்பாவின் கடையிலிருந்துதான் போயிற்று. தலைவர்கள் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். இன்று வரை வசூலாகவில்லை. இந்தி மேல் அவருக்கு இருந்த கோபத்தில் பாதி இந்த வராத பாக்கியால் வந்தது. மிச்சப் பாதியும் நாளாக நாளாகக் கரைந்துகொண்டுதான் வந்தது. கடைக்கு வருகிற பெயின்டர், டைல்ஸ் போடுகிறவர், பிளம்பர் எல்லாம் இப்போது பீகார், ஒடிசாப் பக்கத்து ஆட்கள். ரவி அவர்களோடு விடியற்காலை முதல் கடையடைக்கும் வரை “தேக்கோ பாய், ஃபைனல் ரேட்” என்று பேசுவார். முறையாகக் கற்காத இந்தி. ஆனால் விலை விஷயத்தில் இலக்கணம் தப்பாது. எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. தார் பூசியதோடு சரி.

“நீ டெய்லி பேசுறியே அது என்னா?” என்றாள் தீபலட்சுமி.

“அது யாவாரம்,” என்றார் ரவி. “சரி, எங்க கத்துக்கப் போற?”

அதுதான் கேள்வி. தாம்பரத்து இன்ஸ்டிட்யூட்டுகளில் தமிழ் டைப்பிங் உண்டு, இங்கிலீஷ் உண்டு. இந்தி என்று கேட்டால் டீச்சர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசியில் சாலமன்தான் வழி சொன்னான். “சிட்லபாக்கத்துல ஒரு பொண்ணு, மிருதுளான்னு. அதுவும் இந்திதான் போட்டுச்சு. அதுக்கு இந்தி சுத்தமா தெரியும், பசங்களுக்கு டியூஷன் எடுக்குது. ஆனா டைப்பிங்கு கோழி கொத்துற மாரி. நீங்க ரெண்டு பேரும் சேந்தாத்தான்கா ஒரு ஆளு.”

மிருதுளா வீடு சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில். நாவலூரில் ஒரு கம்பெனியில் இருந்து, அங்கே ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தவள். இருபத்தைந்து வயசு. ஹாலில் ஆறேழு பிள்ளைகள் இந்தி நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள். தீபலட்சுமி வந்த விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

“எழுத்தே தெரியாமலா இந்தி ஆப்ட் பண்ணீங்க?”

“நீங்க மட்டும் டைப்பிங் தெரியாம பண்ணலையா?”

மிருதுளா சிரிப்பை நிறுத்தினாள். “டியூஷன்னா மாசத்துக்கு ஆயிரத்தைந்நூறு வாங்கறேன்.”

“டைப்பிங்குக்கு இன்ஸ்டிட்யூட்ல கேட்டுப் பாருங்க, அதுவும் கிட்டத்தட்ட அதே ரேட்டுதான். நீங்க எனக்குத் தர்றதை நான் உங்களுக்குத் தரணும், அப்புறம் அதையே திரும்பி வாங்கிக்கணும். எதுக்கு அந்தப் பணத்தை நடுவுல கஷ்டப்படுத்திக்கிட்டு?”

மிருதுளா கணக்கில் புலி இல்லை. ஆனாலும் இது புரிந்தது. அரை மணி எழுத்து, அரை மணி விரல். வாரத்தில் நாலு நாள் என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் நாளே தீபலட்சுமி தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டாள். “எனக்கு உச்சரிப்பு வேணாம், அர்த்தம் வேணாம். இந்த உருவத்துக்கு இந்த கீ, அது போதும்.”

“அப்படி ஒரு பாஷையைக் கத்துக்க முடியாது தீபாக்கா.”

“பாஷையை யாரு கத்துக்க வந்தா?”

இந்தி எழுத்தை முதன்முதலாகக் கூர்ந்து பார்த்தபோது அவளுக்கு ஒரு நிம்மதி. மேலே ஒரு கோடு, அதில் எல்லா எழுத்தும் தொங்குகிறது. கடை வாசலில் குறுக்கே கம்பி கட்டி, அதில் பூட்டு, கொண்டி, சங்கிலி, கொக்கி என்று தொங்கவிட்டிருப்பதுபோல. பிறந்தது முதல் பார்க்கிற காட்சி. அப்படியே பேர் வைத்துக்கொண்டாள். இந்த எழுத்து திரைச்சீலைக் கொக்கி. இது வளையம் ஒட்டின கம்பி. அதே வளையத்துக்குள் குறுக்குக் கம்பி போட்டால் வேறே எழுத்து, வேறே கீ. இது ஸ்பிரிங். இது குடைக்காம்பு. குடைக்காம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அப்புறம் அடிக்க வேண்டும் என்று மிருதுளா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, “நம்ம தமிழ் மெஷின்லயும் கொம்பை மொதல்ல அடிச்சுட்டுத்தானே எழுத்து,” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். ‘கி’ என்று சொன்னால் வாயில் ‘க’ முதலில், இகரம் பிறகு; விரலில் மட்டும் இகரமான குடைக்காம்பு முன்னால் வர வேண்டுமென்பது மிருதுளாவைப் பாடாய்ப் படுத்திற்று. இந்தி தெரிந்தவளுக்கு வந்த கஷ்டம் அது. தீபலட்சுமிக்கு அந்தக் கஷ்டம் வர வழியே இல்லை.

மிருதுளாவின் விரல்களைப் பழக்குவதுதான் பெரிய வேலையாக இருந்தது. இரண்டு ஆள்காட்டி விரலால் வாழ்ந்து பழகியவள். “சுண்டு விரலு என்ன, விருந்தாளியா? அதையும் வேலைக்கு அனுப்பு,” என்பாள் தீபலட்சுமி. ‘நீங்க’ எப்போதோ ‘நீ’ ஆகியிருந்தது. கீபோர்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு, அதற்கடியில் கையை விட்டு அடிக்கச் சொல்வாள். டியூஷன் பிள்ளைகள் மிஸ் வித்தை காட்டுகிறார் என்று எட்டிப் பார்க்கும்.

சில மாதத்தில் தீபலட்சுமி முப்பத்து மூன்று தொட்டாள். தப்பு மிகக் குறைவு. ஒரு பக்கம் அடித்து முடிப்பாள். அது எலெக்ஷன் அறிக்கையா, சாம்பார் செய்முறையா என்று அவளுக்குத் தெரியாது. மிருதுளா இருபத்திரண்டுக்கு வந்திருந்தாள்.

இந்த இடத்தில் இரண்டு பேரும் பேசாமல் இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். மிருதுளாவுக்கு மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது.

“தீபாக்கா, ஒண்ணு சொல்லணும். நீங்க எனக்கு எட்டு விரலைப் பழக்கிக் கொடுத்திருக்கீங்க. நான் உங்களுக்கு வெறும் படம்தான் காட்டியிருக்கேன். கணக்கு சரியா வரலை.”

“எனக்குச் சரியாத்தான் இருக்கு.”

“எனக்கு இல்லை. அர்த்தமும் சேர்த்துச் சொல்லித் தரேன். அதுக்கு நீங்க எதுவும் செய்ய வேண்டாம். கொசுறுன்னு வச்சுக்கோங்களேன்.”

அந்தச் சொல்லை அவள் சொல்லியிருக்கக்கூடாது. ரவி குடும்பத்தில் யாரும் இதுவரை கொசுறு வேண்டாமென்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பையில் விழாமல் காய்கறிக் கடையை விட்டு நகர மாட்டார்கள். புடவை எடுத்தால் பை, பை கொடுத்தால் அதில் ஒரு பர்ஸ். தீபலட்சுமியின் வாய் அவளைக் கேட்காமலே “சரி, அதுக்கென்ன,” என்றது.

மிருதுளா ஒரு பாராவை எடுத்து, விரல் வைத்துச் சத்தமாகப் படித்தாள். தீபலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதிச் சொற்கள் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். எத்தனை வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து காதால் வாங்கிய சரக்கு. தாம் என்றால் விலை. லோஹா என்றால் இரும்பு. மஜ்தூர் கூலியாள், பானி தண்ணீர், ரங் வர்ணம். உதார் என்றால் கடன்; அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறாள், எத்தனை முறை மாட்டேன் என்கிறாள். இத்தனை நாளாகக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த கொண்டியும் கொக்கியும் திடீரென்று வாயைத் திறந்து பேசின.

ஒரு வாரத்தில் சேதம் தெரிந்தது. அடிக்கும்போது படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு மஜ்தூர் வேலை தேடி நகரத்துக்கு வந்தான் என்று இருந்தால், கிடைத்ததா இல்லையா என்று கண் அடுத்த வரிக்கு ஓடுகிறது, கை பழைய வரியில் தடுமாறுகிறது. முப்பத்து மூன்று இருபத்தொன்பதாயிற்று. பிறகு இருபத்தாறு.

“உன் கொசுறை நீயே வச்சுக்கோ,” என்றாள் தீபலட்சுமி. “திருப்பி எடுத்துக்கோ.”

மிருதுளாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. “எப்படித் திருப்பி எடுத்துக்கறது? வேணும்னா கவனிக்காம இருங்க.”

“பக்கத்துல ஒருத்தன் என் பேரைச் சொல்லிக் கூப்பிடறான், கவனிக்காம இருன்னா?”

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தீபலட்சுமி சிட்லபாக்கம் போவதையே நிறுத்தினாள். தலைகீழாக அடித்துப் பார்த்தாள், கடைசிச் சொல்லிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை. ஒருமுறை தெரிந்துபோனது தெரிந்ததுதான். போன வேகம் வரவே வராதென்றால் கல்லாதான். அப்பாவுக்கு அது நஷ்டமில்லை. “வராட்டி போவுது வுடு, நம்ம கடை என்ன ஓடியா போவுது,” என்று ஆறுதல்போல ஒன்று சொன்னார். அவளுக்கு அதைக் கேட்டபிறகுதான் பயம் வந்தது.

வழி கிடைத்தது கடையில். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் லேப்டாப்பைக் கல்லாவில் வைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். நேரம் ஓடிக்கொண்டிருக்கையில் பீர்க்கன்காரணையில் வீடு கட்டுகிற ஒரு சார் வந்து நின்றார். அரை இஞ்ச் பைப் விலை கேட்டார். எழுந்தால் பயிற்சி கெட்டுவிடும். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் விலை சொன்னாள்.

“அநியாயமா இருக்கேம்மா. குரோம்பேட்டைல இருபது ரூபா கம்மி.”

“குரோம்பேட்டைல என்ன கம்பெனி சார் கொடுத்தான்?”

“ஏதோ கம்பெனி. பைப்புன்னா தண்ணி வரணும், அவ்ளோதானே.”

“அந்தப் பைப்புல தண்ணி வரும் சார். ஒரு வருஷம் கழிச்சு செவுத்துலயும் வரும்.”

“சரி, பத்து ரூபா குறைச்சுக்கோ.”

“எல்போ சேத்து எடுத்தீங்கன்னா ஆறு ரூபா பாக்கலாம்.”

“எட்டு.”

“ஏழு. அதுக்கு மேல கேட்டா எங்கப்பாவைக் கூப்பிடுவேன், அவர் ஏத்திடுவார்.”

அவர் சிரித்துக்கொண்டு பையை எடுத்தார். மணி அடித்தது. திரையைப் பார்த்தாள். முப்பத்திரண்டு. தப்பு மூன்றோ நாலோ. என்ன அடித்தோம் என்று யோசித்தாள். ஒரு சொல்கூட ஞாபகமில்லை. வாய் பேரம் பேசியிருந்தது, மனசும் அதிலேயே இருந்தது. இந்தியோடு கை தனியாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறது.

அதற்கப்புறம் கடை நெரிசல் உள்ள நேரமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தாள். காலை எட்டு மணிக்குப் பெயின்டர்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள். பிரஷ், ரோலர், உப்புத்தாள் எல்லாவற்றுக்கும் பேரம் பேசிக்கொண்டே அடிப்பாள். ரவி இதைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே சண்டைக்கார வாடிக்கையாளர்களை அவள் பக்கம் திருப்பிவிட ஆரம்பித்தார். தார் பூசியவர் கடையில் திரை நிறைய இந்தி. ஒரு பெயின்டர் எட்டிப் பார்த்து, “அச்சா ஹை,” என்றான். “உன்னை யாருய்யா கேட்டா? ரோலரை எடுத்துட்டுக் கிளம்பு,” என்றார் ரவி, அவனுக்குப் புரியாத தமிழில்.

தேர்வு நாவலூர்ப் பக்கம் ஒரு காலேஜில். தீபலட்சுமியும் மிருதுளாவும் ஒரே பஸ்ஸில் போனார்கள். மேடவாக்கம் நெரிசலில் நின்றபோது மிருதுளா மெல்லக் கேட்டாள்.

“என் மேல கோபமா தீபாக்கா?”

“கோபம் இல்ல. நீ ஓசியா எதாவது குடுத்தா இனிமே முறத்தைக் கவுத்துப் பிடிப்பேன்.”

“இப்ப எவ்வளவு வருது?”

“கடைல முப்பத்திரண்டு. வீட்டுல, கதவைச் சாத்திட்டு அடிச்சா இருபத்தேழு.”

சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. பரீட்சை ஹாலில் கதவைச் சாத்துவார்கள்.

சாத்தினார்கள். ஏசி ஓடுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. பத்து நிமிடம், திரையில் பாரா. தீபலட்சுமி ஆரம்பித்தாள். முதல் வரி சரியாகத்தான் போயிற்று. இரண்டாவது வரியில் தேக்கேதார் என்று ஒரு சொல் வந்து நின்றது. காண்டிராக்டர். கடையில் தினமும் கேட்கிற சொல். கை தயங்கிற்று. கவனிக்காதே, கவனிக்காதே என்று சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லச் சொல்ல இன்னும் நன்றாகக் கேட்டது. ஏதோ ஒரு ஊரில் குளத்தைச் சீர் செய்ய வேண்டும். தேக்கேதார் வந்து நிற்கிறான். ஈண்ட், அதாவது செங்கல், அதற்கு ஒரு விலை சொல்கிறான்.

அந்த விலையைப் பார்த்தாள். எந்தக் காலத்துக் கதையோ, எந்த ஊர்க் காசோ. ஆனாலும் ஆயிரம் கல்லுக்கு அந்த விலை அநியாயம்.

இந்த ரேட்டுக்கா செங்கல்? என்று மனசு கேட்டது. ஏத்துக்கூலி சேத்தா, சேக்காமலா? அவன் பதில் சொல்லவில்லை, மணலுக்குப் போய்விட்டான். நில்லுய்யா, கல்லை முடிச்சுட்டு மணலுக்குப் போ. அரைக்கல்லு, உடைஞ்ச கல்லு கழிச்சு எவ்வளவு? ஊர்ப் பெரியவர்கள் என்று நாலு பேர் பாராவுக்குள் வந்தார்கள்; ஒருவரும் குறைத்துக் கேட்பதாகக் காணோம், தலையை ஆட்டிவிட்டார்கள். தீபலட்சுமிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆற்றுமணல் என்று சொல்லி ஏரிமணல் கொட்டுவான், சல்லடை போட்டுப் பாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். தேக்கேதாரைக் கால் பங்கு இறக்கினாள். அவன் குதித்தான். இன்னும் கொஞ்சம் இறக்கினாள். முன்பணம் பாதிக்கு மேல் தர முடியாது என்று கட் அண்ட் ரைட்டாகச் சொன்னாள்.

திரை அணைந்தது. நேரம் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் மிருதுளாவிடம் கேட்ட முதல் கேள்வி: “அந்தக் குளம் கடைசில என்னாச்சு? கை மட்டும்தான் அங்க வரைக்கும் போச்சு, மனசு செங்கல்லு பேரத்துலயே நின்னுடுச்சு.”

“மழை வந்து ரொம்பிடுத்து,” என்றாள் மிருதுளா. “நல்ல கதை. ஆனா எழுதினவர் சரியா எழுதலை. நாலாவது வாக்கியம் வளவளன்னு இருந்தது. நான் சுருக்கி அடிச்சுட்டேன்.”

தீபலட்சுமி நின்றுவிட்டாள். “சுருக்கியா?”

“தப்பு இல்லையே. இன்னும் நன்னாத்தானே இருக்கும்.”

“உன்னைத் திருத்தவா சொன்னான்? பாத்து அடிக்கத்தானேடி சொன்னான்.”

மிருதுளாவுக்கு அது சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கம். ஒரு நோட்டைப் பார்த்தால் கை தானாகத் திருத்தும். பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். “இன்னொரு இடத்துலயும் சுருக்கினேன்,” என்று வேளச்சேரி ரோடு வந்ததும் ஒருமுறை சொன்னாள்.

ரிசல்ட்டைச் சாலமன்தான் பார்த்துச் சொன்னான். இருவருடைய நம்பரையும் அவனே போட்டான். தீபலட்சுமி, நிகர வேகம் முப்பத்தொன்று, தேர்ச்சி. மிருதுளா, இருபத்தெட்டு.

“இந்தி தெரியாமயே நீ வுட்ட ரீலு ஓடிச்சிக்கா,” என்றான் சாலமன். “ட்ரீட்டு எங்க?”

“உன் ஆதார் சர்வீஸ் சார்ஜ்லயே கழிச்சுக்கோ.”

ரவிக்குச் சந்தோஷம்தான். இரண்டு நாள் எல்லா வாடிக்கையாளரிடமும் சொன்னார். இந்தியில் பாஸ் என்பதைப் பழைய தோழர்கள் வந்தபோது மட்டும் விழுங்கிவிட்டு, சென்ட்ரல் கவர்மென்ட்டில் பாஸ் என்று சொன்னார். மூன்றாம் நாள்தான் கேட்டார்.

“அப்ப கல்லாவுல யாரும்மா உக்கார்றது?”

“ஆள் போடுப்பா.”

“ஆளுன்னா? சம்பளம் கேப்பானே.”

“கேப்பான்.”

ரவி கொஞ்ச நேரம் கால்குலேட்டரை அமுக்கிக்கொண்டிருந்தார். வந்த தொகையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தீபலட்சுமி சிட்லபாக்கம் போனாள். மிருதுளா வழக்கம்போல நோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

“கங்கிராட்ஸ் தீபாக்கா. நம்ம டீல் முடிஞ்சுது, இல்லையா?”

“யாரு சொன்னா? எனக்கு எழுத்து பூரா வந்து சேந்துடுச்சு. உனக்கு வேகம் பூரா வந்து சேரல. அரைகுறையா டெலிவரி பண்ணிட்டு, முடிஞ்சுதுன்னு சொல்ற கடை எங்க கடை இல்ல.”

“அது நான் திருத்தப் போய் வந்த வினை. நீங்க என்ன பண்ணுவீங்க?”

“அதுவும் சரக்குல உள்ள குறைதான். விக்கிறப்பவே நான் பாத்திருக்கணும்.” தீபலட்சுமி கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உனக்கு வயசு இருக்கு, அடுத்த தடவை எழுது. வேலைல சேர்ற வரைக்கும் நாலு நாள், சேந்தப்புறம் ஞாயித்துக்கிழமை. அந்தச் செவப்புப் பேனாவை உள்ள வச்சுட்டு வா. அடிக்கும்போது உன் எதிர்ல உக்காந்து நான் பேசிக்கிட்டே இருப்பேன். புடவை விலை, தங்கம் விலை, எதாவது. நீ பதிலுக்குப் பேரம் பேசணும். எழுத்தைத் திருத்த உனக்கு நேரமே இருக்கக்கூடாது.”

“எனக்குப் பேரம் பேச வராதே.”

“அது கொசுறு,” என்றாள் தீபலட்சுமி. “வாங்கிக்கோ.”

அன்றைக்கு மிருதுளா ஒரு பட்டுப்புடவையைக் கேட்ட விலைக்கே வாங்கிவிட்டாள். வேகம் இருபத்தெட்டிலிருந்து அசையவில்லை. முதல் நாள் அப்படித்தான் இருக்கும்.

இருட்டுமுன் கிளம்பி ஏரியோரமாக நடந்து வரும்போது தீபலட்சுமி மனசுக்குள் ஐந்தொகை போட்டுப் பார்த்தாள். வரவில்: இந்தி எழுத்து, முழுசாக. அர்த்தம், கேட்காமலே வந்தது. ஒன்றாம் தேதிச் சம்பளம், இனிமேல்தான். பற்றில்: மிருதுளாவுக்குக் கொடுத்த விரல் எட்டு, அதில் சுண்டு விரல் இரண்டும் இன்னும் விருந்தாளியாகத்தான் இருக்கின்றன. கழித்துக் கூட்டி, மிருதுளாவுக்குத் தர வேண்டிய பாக்கி நிமிடத்துக்கு இரண்டு வார்த்தை.